கணப்புத் தகட்டில் நிற்பவள்

"எழுத்தை யாரு செதுக்கறது?" என்று தோர்டிஸ் கேட்டாள்.

"இது என்ன கேள்வி? நீதான்."

"யாரோட எழுத்து?"

"என்னோடதுதான். பட்டறை என் பேர்ல வந்திருக்கு. ஆனா கை உன்னுது. நான் செதுக்கினா அது எழுத்தாவா இருக்கும்? மாடு மிதிச்ச மாதிரி இருக்கும்."

ஹால்வர் அதைச் சொன்ன விதத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தும்விட்டாள். சிரித்திருக்கக் கூடாது என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள்.

அப்பாவை அடக்கம் செய்த வாரம் அது. வார்ப்பட்டறையின் மாடியில், மர அச்சுகள் அடுக்கி வைத்த அறையில், ஆளுக்கொரு கோப்பைக் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டைச் சூடாக்கும் இரும்புக் கணப்படுப்பின் தகடு எதுவானாலும் வலது கீழ் மூலையில் செய்தவரின் பெயரெழுத்து இரண்டு இருக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக அதுதான் வழக்கம். அண்ணனுக்கும் தங்கைக்கும் குடும்பப் பெயர் ஒன்றுதான் என்பதால் இரண்டாம் எழுத்தும் ஒன்றேதான். முதல் எழுத்து மட்டும் வேறு. அந்த ஓர் எழுத்தைத்தான் அவள் அன்றைக்குக் கேட்க நினைத்தாள். கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஹால்வரின் கண் அழுது சிவந்திருந்தது. அவள் காப்பியோடு சேர்த்து அதை விழுங்கிவிட்டாள்.

இருபத்திரண்டு வருடம். திராட்சைக் கொடி, ஓக் காய், சங்கு வளைவு, பூமாலை, தேவதை முகம் என்று அவள் உளியிலிருந்து இறங்கிய அத்தனையின் மூலையிலும் அவளே தன் கையால் அண்ணனின் எழுத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். வெளியாட்களிடம் ஹால்வர் அவளை "எங்க வீட்டு உளி" என்று சொல்லித் தோளில் தட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டுக்குப் போய்ப் பல்லைக் கடித்தபடி பாத்திரம் கழுவுவாள்.

*

ஜனவரி மாதம், பனி முழங்கால் அளவு விழுந்திருந்த ஒரு நாள், ஆற்றுக்கு மேற்கே, ஊரார் இன்னும் செதுக்குக்காரர் வீடு என்று சொல்லும் பழைய வீட்டுக்கு அவள் வேனை ஓட்டிக்கொண்டு போனாள். மணி ஒன்றுதான். ஆனாலும் சூரியன் மலை விளிம்பைத் தொட்டுவிட்டது.

வீட்டுக்காரர் அமுண்ட் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வாசலிலேயே கையில் காப்பியும் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் கொடுத்தார். ஆனால் கணப்படுப்பு இருக்கும் அறைக்குள் அவர் முதலில் நுழையவில்லை. "நீங்க போங்க, நான் பின்னாடியே வரேன்," என்றார்.

அறையில் நல்ல குளிர். புழங்காத அறையின் மக்கல் வாடைக்கு மேலே இன்னொரு வாடையும் இருந்தது. ஈர மண்ணும் கரித்தூளும் கலந்த வாடை. பட்டறையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? வார்ப்பு மண் வாடை. ஒரு வீட்டுக் கூடத்தில் அது வருவதற்கு வழியே இல்லை.

கணப்படுப்பு மூன்று அடுக்காக அவள் உயரத்துக்கு நின்றது. மேலடுக்கில் பூமாலை தொங்கும் ஜாடி, நடுவடுக்கில் முறுக்குத் தூண்கள், அடியில் ஒரே மாதிரியான இரண்டு நீளத் தகடுகள், பக்கத்துக்கு ஒன்றாக. தகட்டைச் சுற்றிக் கொடி விளிம்பு. உள்ளே சிங்கக்கால் நாற்காலியில் ஒரு நீதிபதி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் முன்னால் ஒரு பெண் நிற்கிறாள். வலது கையை நீட்டி ஏதோ கேட்கிறாள். நீதிபதியின் பார்வை அவள் மேல் இல்லை, தன் மோதிரத்தின் மேல் இருக்கிறது.

தோர்டிஸ் குனிந்து பார்த்தாள். சேலைத் தலைப்பைப் போல முக்காடு விழுந்த மடிப்பும், நீட்டிய கையின் மணிக்கட்டு நரம்பும் தேய்ந்துபோயிருந்தன. ஆனாலும் செதுக்கிய கை சாதாரணக் கை இல்லை என்று தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு வாய் மட்டும் இல்லை. மூக்குக்குக் கீழே மழமழவென்று இரும்பு.

"வாயை யாராச்சும் அரம் போட்டுத் தேய்ச்சாங்களா, வாத்தியாரே?"

"இல்ல. இதே தகடு இருக்கற எல்லா வீட்லயும் அப்படித்தான் இருக்கு," என்றார் அமுண்ட், வாசற்படியில் நின்றபடியே.

இடப்பக்கத் தகட்டில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடியது. அந்தத் தகட்டுக்குப் பதில் ஒன்று வார்த்துத் தரத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார். வசந்தத்தில் ஊர்க் கண்காட்சியில் இந்தக் கணப்படுப்பு நடுக்கூடத்தில் நிற்கப் போகிறது.

எப்படி வெடித்தது என்று கேட்டாள். அமுண்ட் கோப்பையைப் படியில் வைத்துவிட்டுச் சொன்னார். கண்காட்சிக்காக ஒரு பலகை எழுதி வைத்தாராம். "செதுக்கியவர்: தோர்கில்" என்று. மூலையில் இருப்பதும் தோர்கிலின் எழுத்துகள்தான். பலகையைக் கணப்படுப்பு மேல் சாத்திவிட்டுத் திரும்பியபோது துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டதாம்.

"தீ மூட்டியிருந்தீங்களா?"

"ஒரு குச்சிகூட வைக்கல."

அதற்குப் பிறகுதான் அவர் மீதியைச் சொன்னார். இருநூறு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டில் தோர்கிலும் அவன் தங்கை லிஸ்பெத்தும் இருந்தார்கள். இரும்பாலையில் செதுக்குக்காரன் என்று பெயர் அவனுக்கு. உளி பிடித்தது அவள். ஒவ்வொரு தகடு முடிந்ததும் அவள் ஒன்றே ஒன்றைக் கேட்பாளாம். "அடுத்ததுல பாக்கலாம்" என்பானாம் அவன். இந்தத் தகட்டைச் செதுக்கிக் கொடுத்தபோதும் அதையே கேட்டாள், அவனும் அதையே சொன்னான். அன்றைக்கு அவள் தன் மர அச்சுகளை எல்லாம் வாரிக்கொண்டு போய் ஆலையின் உலை வாயில் போட்டாள்.

"அப்புறம்?"

"அதுக்கு மேல எங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க," என்றார் அமுண்ட்.

தகட்டின் மீதிக் கதையைத் தோர்டிஸுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அதனால் மர அச்சை அந்த அளவு பெரிதாகச் செதுக்க வேண்டும். மர அச்சு எரிந்துபோனால் ஆலைக்காரன் என்ன செய்வான்? வார்த்த தகடு ஒன்றையே மண்ணில் அழுத்தி அடுத்ததை வார்ப்பான். அது ஒரு சுற்றுச் சிறுத்து வரும். அதை அழுத்தினால் இன்னொரு சுற்று. ஒவ்வொரு தடவையும் கோடு மழுங்கும், பள்ளம் தூரும். லிஸ்பெத் அந்தப் பெண்ணுக்கு வாயைத் திறந்த மாதிரிதான் செதுக்கியிருப்பாள். கேட்கிறவளுக்கு வாய் இல்லாமலா? எடுத்து எடுத்து அழுத்தியே அவளைக் குறுக்கி, அவள் வாயையும் மூடிவிட்டார்கள்.

தோர்டிஸுக்குக் கோபம் ஏறியது. யார் மேல் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

பையிலிருந்து அளவுகோலை எடுத்து, வலப்பக்கத் தகட்டில் நிற்பவளை உச்சி முதல் பாதம் வரை அளந்தாள். இருநூற்றுத் தொண்ணூற்றேழு மில்லிமீட்டர். குறித்துக்கொண்டாள். வெடிக்காத அந்தத் தகட்டை அச்சாக எடுத்துப்போகத் திருகாணிகளைக் கழற்றிய பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை அளந்தாள்.

முந்நூறு.

முதலில் எடுத்தது சுருக்கக் கோலாக இருக்கும் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அச்சுச் செதுக்குபவர்கள் எல்லோருக்கும் வருகிற தவறுதான் அது. சுருங்குவதற்கு ஈடுகட்ட ஒவ்வொரு பிரிவையும் கொஞ்சம் நீட்டி வரைந்த தனிக் கோல் ஒன்றை வைத்திருப்பார்கள். மறந்துபோய் அதைக்கொண்டு இரும்பை அளந்தால் அளவு குறைவாகத்தான் காட்டும்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

தகட்டைச் சறுக்குப் பலகையில் ஏற்றி இருவருமாக வேனுக்குத் தள்ளினார்கள். மணி மூன்றுகூட ஆகவில்லை, பள்ளத்தாக்கு நீல இருட்டில் மூழ்கிவிட்டது. பனிக்காற்று மூக்கு நுனியைக் கடித்தது. தகட்டைத் தூக்கி வைத்தபோது அவள் கையுறை நழுவி, உள்ளங்கை நேராக இரும்பில் பட்டது.

சுட்டது.

அமுண்ட் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் வேனின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. டிக். டிக். சூடான இரும்பு ஆறும்போது வருமே, அந்தச் சத்தம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. அந்த இரும்புக்கு ஆறுவதற்கு என்ன சூடு மிச்சம் இருந்தது?

டிக். டிக்.

அவசரப்படாத சத்தம். காத்திருந்து பழகிய சத்தம்.

*

பட்டறையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. உலைக்காரர் எய்வின்ட் அப்பா காலத்து ஆள். இரும்பை ஊற்றும் நீள அகப்பையைச் சூடுகாட்டியபடி, மண் தயார் என்று கையைக் காட்டினார். ஹால்வர் தகட்டைப் புரட்டிப் பார்த்துச் சீட்டியடித்தான்.

"அப்பாடி. யாரு செதுக்கினது? உன்னையே தூக்கிச் சாப்பிட்டுடுவான் போலிருக்கே!"

"செதுக்கினது பொம்பளை."

"அப்படியா, சரிதான்," என்றான் அவன், காதில் வாங்காமல். சட்டைப்பையில் கிடந்த ஈய எழுத்துகளிலிருந்து இரண்டை எடுத்தான். அவள் செதுக்கிய எழுத்துகள். தோர்கிலின் எழுத்து இருந்த மூலையில் மெழுகைத் தடவி மூடிவிட்டு, அதன்மேல் தன் எழுத்துகளை ஒட்டினான்.

"அண்ணா, இது நீ செஞ்சதில்லையே."

"வார்க்கிறது யாரு? நான்தானே? கண்காட்சியில நடுக்கூடத்துல நிக்கப் போவுது, தோர்டி. நம்ம பட்டறை பேரு வேணாமா?"

தகட்டை மண்பெட்டியில் கவிழ்த்து, மண்ணை இடித்து இறுக்கி, பெட்டியைத் திருப்பித் தகட்டைத் தூக்கினார்கள். மண்ணில் நீதிபதி பள்ளமாகப் பதிந்திருந்தான். கொடி பதிந்திருந்தது. பெண் பதிந்திருந்தாள். மூலை மட்டும் வழித்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது.

ஹால்வர் தகட்டைத் திருப்பினான். எழுத்துகள் இருந்த இடத்தில் இரண்டு ஈயச் சொட்டுகள், உருகி வழிந்து உறைந்திருந்தன.

அவன் தகட்டைத் தொட்டுப் பார்த்தான். பனிக்கட்டி மாதிரி சில்லிட்டிருந்தது.

"என்ன வேலை பண்ணி வெச்சிருக்க?" என்று அவள் பக்கம் திரும்பினான்.

அவளும் அந்தச் சொட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயம்தான். பயத்துக்கு அடியில், சொல்லவே கூச்சமாக, ஒரு சந்தோஷமும் இருந்தது.

ஹால்வர் மாடியிலிருந்து மர எழுத்துகளைக் கொண்டுவந்து மறுபடி ஒட்டினான். மறுபடி மண்ணை இடித்தார்கள். மறுபடி தூக்கினார்கள்.

மூலை வெறுமை.

மர எழுத்துகள் கரிந்து, விரல் பட்டதும் சாம்பலாக உதிர்ந்தன.

எய்வின்ட் அகப்பையை இறக்கி வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "முதலாளி, வாத்தியார் வீட்டு இரும்பு அது. எழுத்தை விட்டுட்டு ஊத்திடலாமே," என்றார் மெல்ல.

"நீங்களுமா?" என்று ஹால்வர் சீறினான்.

டிக். டிக்.

சுவரில் சாத்திய தகட்டிலிருந்து சத்தம் வந்தது. இப்போது சற்று வேகமாக.

தோர்டிஸ் அதன் எதிரே மண்டியிட்டாள். சுருக்கக் கோலை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாதாரண இரும்புக் கோலை விளக்கில் காட்டி உறுதி செய்துகொண்டு, அளந்தாள்.

முந்நூற்று மூன்று.

மதியம் நிற்பவளின் உச்சிக்கும் கொடி விளிம்புக்கும் இடையே பென்சில் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. அது இப்போது இல்லை. தலை கொடியை முட்டிக்கொண்டிருந்தது. நீதிபதியை அளந்தாள். அவன் அதே அளவில்தான் இருந்தான். தகடும் அதே தகடுதான்.

அவள் மட்டும் வளர்ந்திருந்தாள்.

மூக்குக்குக் கீழே, மழமழவென்று இருந்த இடத்தில், மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது.

"இரும்பு ரெடி. இதுக்கு மேல உலை தாங்காது," என்று எய்வின்ட் குரல் கொடுத்தார்.

ஹால்வர் அவள் தோளைப் பிடித்து எழுப்பினான். அவன் முரடன் இல்லை. அவள் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் தூங்காமல் உட்கார்ந்திருந்தவன். அவள் வீட்டுக் கூரையை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தானே ஏறிச் சரிபார்ப்பவன். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் என்றைக்கோ கேட்டிருப்பாள்.

"இந்தா," என்று மண்கீறும் கரண்டியை அவள் கையில் வைத்தான். "ஒட்டினாத்தானே போவுது? மண்ணுலயே கீறிடு. உன் கைக்கு அரை நிமிஷம்."

"அதை நான் செய்யணுமா?"

"வேற யாரு செய்வா? ரெண்டே ரெண்டு எழுத்து. இதுக்குப் போயா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?"

அவள் மண்பெட்டியின் முன் குனிந்தாள். விளக்கொளியில் அந்தப் பெண்ணின் முகம் மண்ணுக்குள் பள்ளமாகக் கிடந்தது. நீட்டிய கை பள்ளமாகக் கிடந்தது. கரண்டியின் நுனியை மூலையில் வைத்தாள்.

மண்ணிலிருந்து மூச்சு வந்தது.

சூடான மூச்சு. அவள் மணிக்கட்டில் பட்டது. கரித்தூள் வாடை. எரிந்த மரத்தின் வாடை.

டிக்டிக்டிக் என்று தகட்டின் சத்தம் பல் நறநறப்பதைப் போல நெருக்கி வந்தது. கூரையில் தொங்கிய விளக்கு ஆடத் தொடங்கியது. உலையின் கதவு யாரும் தொடாமலே திறந்துகொண்டது. செந்நிற வெளிச்சம் பட்டறை முழுதும் வாரியடித்தது. எய்வின்ட் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"கீறுடி சீக்கிரம்," என்றான் ஹால்வர். குரல் நடுங்கியது.

தோர்டிஸ் கீறவில்லை. அவள் தலையைத் தூக்கித் தகட்டைப் பார்த்தாள்.

நிற்பவளின் வாய் திறந்திருந்தது. அடி தெரியாத கறுப்பாகத் திறந்திருந்தது. கை நீண்டபடியேதான் இருந்தது. ஆனால் முகம் நீதிபதியை விட்டுத் திரும்பியிருந்தது. அந்த இரும்பு முகம் இப்போது யாரைப் பார்க்கிறது என்று தோர்டிஸ் பார்வையால் தொடர்ந்து போனாள்.

ஹால்வரை.

அவனும் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஓட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது தெரிந்தது. கால் அசையவில்லை. அவன் நின்ற இடத்தில், சட்டைப்பையின் ஓரத்திலிருந்து மெல்லிய புகை எழுந்தது. மிச்சம் வைத்திருந்த எழுத்துகள் அங்கேதான் இருந்தன.

"தோர்டி," என்றான், சிறுபிள்ளையைப் போல. "அதுக்கு என்னதான் வேணும்?"

அது என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும். இருநூறு வருடமாக ஒருத்தியும், இருபத்திரண்டு வருடமாக இன்னொருத்தியும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தது. அடுத்ததில் பார்க்கலாம், அடுத்ததில் பார்க்கலாம் என்று சுருங்கிச் சுருங்கி வந்தது.

அவள் கரண்டியை மண்ணிலிருந்து எடுத்தாள். எழுந்து நின்றாள்.

டிக் என்ற சத்தம் சட்டென்று நின்றது. விளக்கு ஆடுவதை நிறுத்தியது. உலைகூட இரைச்சலை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. யாரோ காதைக் கிட்டே கொண்டுவந்து வைத்துக் கேட்பதைப் போன்ற அமைதி. தோர்டிஸின் வலத்தோளில், துணிக்கு மேலே, ஒரு கை வந்து அமர்ந்தது. கனமான கை. சூடான கை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தகட்டில், நீட்டியிருந்த கை இருந்த இடம் வெறும் இரும்பாக இருந்தது.

"இந்த மூலையில அவ பேரு, லிஸ்பெத்னு முழுசா வரணும்," என்றாள். குரல் நடுங்கவில்லை. உரக்கவே வந்தது. "நான் இதுவரைக்கும் செதுக்கின எல்லாத்துலயும், இனிமே செதுக்கப்போற எல்லாத்துலயும் உன் எழுத்தை எடுத்துட்டு, என் பேரைப் போடு, அண்ணா."